சோழகம் ஓய்ந்தால் வருகிறவர்கள்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். நம்முடைய மன்னார்க் கரைக்கு ஒவ்வொரு வருடமும் வந்துபோகிற பறவைகளின் வரலாறு இது. அதற்குள்ளே நம்முடைய வரலாறும் கொஞ்சம் கிடக்கிறது.

மேலை நாட்டுப் புத்தகங்களில் இதை இலையுதிர்கால வலசை என்று எழுதுவார்கள். நமக்கு இலையுதிர்காலம் என்று ஒன்று இல்லை. நமக்கு இருப்பது காற்று. மே மாதமளவில் ஏறுகிற சோழகம் செப்டெம்பரில் இளைத்துவிடும். பிறகு வாடை பிடிக்கும். தெற்குக் கரையில் வாடி போட்டிருந்தவர்களின் தொழில் அந்தக் காற்றைப் பார்த்துத்தான் இடம் மாறும். பறவைகளும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. ஓகஸ்ட் கடைசியிலேயே முதல் உள்ளான் கூட்டங்கள் இறங்கத் தொடங்கும். ஒக்டோபர், நவம்பர் ஆகும்போது தள்ளாடியிலிருந்து மன்னார் நகருக்கு வரும் பாதையின் இரண்டு பக்கமும், வங்காலைப் பக்கத்துச் சேற்றுத் தரை முழுவதும் நிறைந்து நிற்கும். ஊசிவால் தாரா, பலவகை உள்ளான்கள், ஆலாக்கள், கடற்காகங்கள், பூநாரைகள். ஏப்ரல் வரைக்கும் இருந்துவிட்டுப் போய்விடும்.

நம்மில் பலர் பஸ்ஸில் இருந்தபடி பார்த்துவிட்டு, கைபேசியில் ஒரு படம் எடுத்துவிட்டுப் போகிறோம். இவை எங்கிருந்து வருகின்றன, ஏன் இங்கே வருகின்றன, அதை யார் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும் அல்லவா?

முதலில் இடத்தைப் பார்ப்போம். உலகத்தில் வலசைப் பறவைகள் போய்வருகிற பெரும் பாதைகள் சில உண்டு. அவற்றில் ஒன்று மத்திய ஆசியப் பாதை. வடதுருவத்தை ஒட்டிய சைபீரியாவிலிருந்து தொடங்கி மத்திய ஆசியா, இமயமலை, இந்தியா வழியாகத் தெற்கே இறங்கி வருகிறது. இலங்கை அதன் கடைசித் தரிப்பிடம். நமக்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரைக்கும் பெரிய நிலம் எதுவும் இல்லை. நமது நாட்டுக்குள் பறவைகள் நுழைகிற வழிகள் மூன்று என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள்: இந்தியாவின் மேற்குப் பக்கமாக வருவது ஒன்று, கிழக்குக் கரையோரமாக வருவது ஒன்று, அந்தமான் தீவுகள் பக்கமிருந்து கடலைக் கடந்து வருவது ஒன்று. மேற்கு வழியின் வாசற்படி மன்னார்த் தீவு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடல். அதற்குள்ளும் ஆதாம் பாலத்தின் மணல் திட்டுகள். நீண்ட தூரம் பறந்து களைத்த உயிருக்கு இதைவிட நல்ல வாசல் இருக்க முடியாது.

இந்த வாசல் பறவைக்கு மட்டும் உரியதல்ல. கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர்கள் இந்தக் கடலைக் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். வழியிலேயே எத்தனையோ பேர் செத்து விழுந்தார்கள். 1914இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் தனுஷ்கோடிக் கப்பலும் வந்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. நம் பள்ளிமுனையில் நிற்கிற பெருக்க மரம்கூட ஆபிரிக்காவின் மரம். அரபு வணிகர் கொண்டுவந்தது என்பது நம் ஊர் வழக்கு. வருவதும் போவதும் இந்தக் கரைக்குப் புதிதில்லை.

இந்தக் கடலையும் பறவையையும் சேர்த்து எழுதிய மிகப் பழைய குறிப்பு உரோமரிடம் இருக்கிறது. கி.பி. 77 அளவில் பிளினி என்பவர் எழுதிய இயற்கை வரலாறு என்ற நூலில் இலங்கையைப் பற்றி ஒரு பகுதி உண்டு. தீவுக்கும் இந்தியாவுக்கும் இடையில் கடல் ஆழம் குறைந்தது, சில கால்வாய்களில் மட்டும் மிக ஆழம், ஆகவே இங்குள்ள கப்பல்கள் திருப்ப வேண்டிய தேவையில்லாமல் இரண்டு பக்கமும் அணியம் வைத்துக் கட்டப்படுகின்றன என்று எழுதுகிறார். இங்குள்ள மாலுமிகள் நட்சத்திரம் பார்ப்பதில்லை, கூடவே பறவைகளைக் கொண்டுபோய் இடையிடையே விட்டு, அவை கரை தேடிப் பறக்கிற திசையில் கப்பலைச் செலுத்துகிறார்கள் என்பதும் அவர் சொன்னதுதான். அவர் இங்கே வந்து பார்த்தவர் அல்லர், கேட்டதை எழுதியவர். ஆனாலும் அந்த ஆழம் குறைந்த கடலை அடையாளம் காண நமக்குச் சிரமமில்லை. பறவை போகிற திசையில் அறிவு இருக்கிறது என்பது இந்தக் கடலில் தொழில் செய்தவர்களுக்கு இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

தமிழிலும் சான்று உண்டு. சத்திமுத்தப் புலவரின் நாரை விடு தூதுப் பாடலை நம்மில் பலர் பாடசாலையில் படித்திருக்கிறோம். வறுமையில் வாடிய புலவர் நாரைகளைக் கூப்பிட்டு, தெற்கே குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்பும்போது என் ஊரில் தங்கி என் மனைவியிடம் என் நிலைமையைச் சொல்லுங்கள் என்று கேட்கிறார். நாரையின் மூக்குக்கும் பனங்கிழங்குக்கும் சொன்ன உவமையைத்தான் பரீட்சைக்குப் பாடமாக்கினோம். அந்தப் பாட்டுக்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. நாரைகள் தெற்கே வரும், பிறகு வடக்கே திரும்பும் என்பது அந்தப் புலவருக்கும் கேட்டவர்களுக்கும் விளக்கம் தேவைப்படாத பொது அறிவாக இருந்திருக்கிறது.

இதே விஷயத்தில் ஐரோப்பாவின் கதையைப் பாருங்கள். அங்கே குளிர்காலத்தில் பறவைகள் காணாமல் போகும். எங்கே போகின்றன என்று தெரியாது. அரிஸ்டோட்டில் சில பறவைகள் தெற்கே போவதை அறிந்திருந்தார். ஆனால் வேறு சில பொந்துகளில் உறங்குகின்றன என்றும், ஒரு வகைக் குருவி குளிர்காலத்தில் இன்னொரு வகையாக உருமாறுகிறது என்றும் எழுதிவைத்தார். தகைவிலான் குருவிகள் குளத்து அடிச் சேற்றில் கிடந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன என்று 16ஆம் நூற்றாண்டிலும் படித்தவர்கள் எழுதினார்கள். 1822இல் ஜேர்மனியில் ஒரு நாரையைச் சுட்டு வீழ்த்தினார்கள். அதன் கழுத்தில் ஓர் ஈட்டி ஊடுருவி நின்றது. அது ஆபிரிக்காவின் ஈட்டி. ஆபிரிக்காவில் யாரோ எறிந்ததைக் கழுத்தில் சுமந்துகொண்டே அந்த நாரை ஐரோப்பாவுக்குத் திரும்பிவந்திருக்கிறது. அந்த உடல் இன்றும் ரொஸ்டொக் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. பறவைகள் கண்டம் விட்டுக் கண்டம் போகின்றன என்பதற்கு மறுக்க முடியாத சாட்சியாக அது அமைந்தது.

ஆனால் ஈட்டிக்காகக் காத்திருக்க முடியாதே. அடுத்த அடியை எடுத்துவைத்தவர் ஒரு பாடசாலை ஆசிரியர். டென்மார்க்கின் விபோர்க் நகரில் படிப்பித்துக்கொண்டிருந்த மோர்ட்டென்சன் என்பவர் 1899இல் மைனா இனத்துப் பறவைகளின் காலில் இலக்கமும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களைப் போட்டுப் பறக்கவிட்டார். எங்காவது அகப்பட்டால் எழுதி அனுப்பட்டும் என்று. கடிதங்கள் வரத் தொடங்கின. இன்று உலகம் முழுவதும் நடக்கிற வளையமிடுதல் அந்த ஒரு வாத்தியாரின் யோசனையில் இருந்து வளர்ந்தது. அவரிடம் ஆய்வுகூடம் இருக்கவில்லை, பொறுமை இருந்தது. எங்கள் தொழில் மீது எங்களுக்கு மரியாதை கூடுகிற கதைகளில் இதுவும் ஒன்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1868இல் இலங்கைக்கு வந்த வில்லியம் வின்சென்ட் லெக் ஒரு பீரங்கிப் படை அதிகாரி. திருகோணமலையிலும் காலியிலும் வேலை பார்த்துக்கொண்டே பறவைகளைத் தேடி அலைந்தார். 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய இலங்கைப் பறவைகளின் வரலாறு என்ற நூல் இன்றும் ஆய்வாளர்களுக்கு அடிப்படை. எந்தப் பறவை எந்த மாதத்தில் வருகிறது, எந்தக் கரையில் முதலில் இறங்குகிறது என்றெல்லாம் அதில் குறித்திருக்கிறார். சிவில் சேவையில் இருந்த வெயிட் 1925இல் ஒரு கைநூலை வெளியிட்டார். கொழும்பு நூதனசாலையில் வேலை பார்த்த ஜி. எம். ஹென்றி, தானே படம் வரைந்து 1955இல் வெளியிட்ட நூல் நம் நாட்டுப் பறவை ஆர்வலர்களின் கைகளில் பல பதிப்புகள் கண்டது.

இந்தப் பழைய நூல்களில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பறவைகளின் விஞ்ஞானப் பெயருக்கும் ஆங்கிலப் பெயருக்கும் கூடவே சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் கொடுத்திருப்பார்கள். அந்தப் பெயர்களைச் சொன்னது யார்? தோணிக்காரர், வேட்டைக்காரர், வண்டில்காரர், கூடவே வந்து துப்பாக்கி சுமந்த பொடியன். பறவை எந்தச் சேற்றில் மேயும், எந்தக் காற்றில் வரும் என்று காட்டிக் கொடுத்ததும் அவர்கள்தான். அவர்கள் சொன்ன பெயர் அச்சில் ஏறியது. சொன்னவர்களின் பெயர் பெரும்பாலும் ஏறவில்லை. அவர்களில் நம் ஊரவர் எத்தனை பேர் இருந்தார்களோ, அல்லாஹ்வே அறிவான்.

1943இல் இலங்கைப் பறவைகள் கழகம் தொடங்கியது. 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்டு கள பறவையியல் குழு உருவானது. பேராசிரியர் சரத் கொட்டகம அதன் வழிகாட்டி. நம் நேரெதிர்க் கரையிலோ 1959இல் சாலிம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பெரிய அளவில் வளையமிடும் திட்டத்தைத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனமும் அதற்கு உதவியது. பறவைகள் வழியாக நோய்க்கிருமிகள் வருகின்றனவா என்று அறிவது ஒரு நோக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எதிரே இருக்கிற கோடியக்கரை அந்தப் பணியின் முக்கியமான களங்களில் ஒன்றாகியது. சிறு வயதில் தான் சுட்ட ஒரு குருவியின் பெயரைத் தெரிந்துகொள்ளப் போய்த்தான் சாலிம் அலி பறவை ஆய்வுக்குள் வந்தார் என்பது எங்கள் மாணவர்களுக்கு நாங்கள் அடிக்கடி சொல்கிற கதை.

இந்த இடத்தில் நம்முடைய வரலாற்றில் ஒரு வெட்டு விழுகிறது.

1990 ஒக்டோபர் கடைசி. அதே வலசை மாதம். ஆயுதத்தோடு வந்தவர்கள் கெடு வைத்தார்கள். சில நாட்களுக்குள் மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் வீட்டையும் தோணியையும் பள்ளியையும் விட்டுவிட்டுக் கரைக்கு வந்தார்கள். பிள்ளைகளையும் வயதானவர்களையும் வள்ளங்களில் ஏற்றி, கடல் வழியாகக் கற்பிட்டியில் இறங்கினார்கள். வடக்கு மாகாணம் முழுவதிலுமிருந்து அந்த நாட்களில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000 பேருக்கும் அதிகம். அதே போரில் வங்காலையிலும் பேசாலையிலும் மடுப் பக்கத்திலும் நம் தமிழ்ச் சகோதரர்களும் பட்டது கொஞ்சமல்ல.

பறவையோடு இதை ஒப்பிட்டு அழகாகப் பேச எங்களுக்கு விருப்பமில்லை. பறவை தானாகப் போகிறது, தானாகத் திரும்புகிறது. நாம் அப்படிப் போகவில்லை. நாம் சொல்ல வருவது வேறு. ஒரு சமூகம் தன் கரையை விட்டு இருபது வருடம் பிரிந்திருந்தால், வீடு இடிந்ததைக் கணக்கெடுக்கலாம், காணி போனதைக் கணக்கெடுக்கலாம். கரையைப் பற்றிய அறிவு போனதை யாரும் கணக்கெடுப்பதில்லை. எந்தக் காற்றுக்கு எந்தப் பறவை வரும், ஆலாக் கூட்டம் எங்கே விழுந்தால் அடியில் என்ன மீன் நிற்கும், எந்தத் திட்டியில் எந்த உள்ளான் மேயும் என்பதெல்லாம் எழுதிவைக்காத பாடம். மூத்தவாப்பா தோணியில் இருந்து கையை நீட்டிக் காட்டினால்தான் பேரன் படிப்பான். புத்தளத்து முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் நடக்கவில்லை. கற்பிட்டிக் கடலேரியிலும் அதே உள்ளான்தான் வந்து மேய்ந்தது. ஆனால் தண்ணீருக்கும் பங்கீட்டுக்கும் வரிசையில் நின்ற வாப்பாமாருக்குப் பறவை காட்ட நேரம் ஏது?

போரால் பறவை ஆய்வும் இங்கே பெரும்பாலும் முடங்கியது. போர் முடியும் காலத்திலிருந்து வேலைகள் வேகமெடுத்தன. வங்காலை 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்து, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகியது. பரப்பு ஏறத்தாழ 4,800 ஹெக்டயர். 20,000க்கு மேற்பட்ட நீர்ப்பறவைகள் அங்கே கூடுகின்றன. ஆதாம் பாலத் திட்டுகளும் 2015இல் தேசிய பூங்காவாகின.

மோர்ட்டென்சனின் வளையத்துக்குப் பதிலாக இப்போது ஜீ.பி.எஸ் கருவி வந்துவிட்டது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சீன விஞ்ஞானிகளோடு சேர்ந்து மன்னாரில் பிடித்த பறவைகளின் முதுகில் சிறிய கருவிகளைக் கட்டி அனுப்பினார்கள். மன்னாரிலிருந்து 2021இல் புறப்பட்ட ஒரு கடற்காகம் ரஷ்யாவின் வடகோடியில் இருக்கிற யமால் தீபகற்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நேர்கோட்டில் அளந்தாலே 6,500 கிலோமீற்றருக்கு மேல். அங்கே கோடையைக் கழித்துவிட்டு மறுபடியும் மன்னாருக்கே வந்தது. வரைபடத்தில் அந்தக் கோட்டைப் பார்த்தால், நம் மீன் சந்தைக்கு மேலே வட்டமிடுகிற கடற்காகத்தைப் பிறகு பழைய கண்ணால் பார்க்க முடியாது.

எல்லாமே கடலோரத்தில் நிற்பதும் இல்லை. ஒக்டோபரில் விடியலிலும் மஃரிபுக்கு முன்னும் வளவுக்குள் இரட்டைச் சீட்டி அடிக்கிற நிறம் நிறமான குருவி உண்டே, ஆறுமணிக்குருவி. அதுவும் விருந்தாளிதான். இந்தியாவின் நடுப்பகுதிக் காடுகளிலும் இமயமலை அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. இரவில் பறக்கும். களைத்துப்போய் விறாந்தையில், கிணற்றடியில் விழுந்து கிடக்கும். அப்படிக் கண்டால் பூனைக்கும் பிள்ளைகளின் கைக்கும் எட்டாமல் நிழலான இடத்தில் ஓர் ஓட்டைபோட்ட பெட்டிக்குள் விடுங்கள். ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தானாகவே எழும்பிப் போகும்.

இனி இன்றைய விஷயம். மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் 30 காற்றாலைகளோடு தம்பபவனி மின்நிலையம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதன் ஆற்றல் 103.5 மெகாவோட். இதைவிடப் பெரிய இன்னொரு திட்டம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 2025 பெப்ரவரியில் அந்த இந்திய நிறுவனம் விலகிக்கொண்டது. அதே வருடம் ஓகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக நம் மக்கள் மத வேறுபாடு இல்லாமல் வீதியில் நின்றார்கள்.

நாட்டுக்கு மின்சாரம் வேண்டும். நிலக்கரியை எரிப்பதை விடக் காற்று நல்லது என்பதையும் வகுப்பில் நாமே படிப்பிக்கிறோம். ஆனால் பறவையைக் கொண்டுவருகிற அதே காற்றுதான் இங்கே மின்சாரத்தையும் கொண்டுவருகிறது. இரண்டும் ஒரே ஒடுங்கிய வாசலில் சந்திக்கின்றன. ஆகவே காற்றாலை வேண்டுமா வேண்டாமா என்பதோடு பேச்சு முடியக்கூடாது. எங்கே, எத்தனை, எந்த உயரத்தில், வலசை இரவுகளில் நிறுத்திவைப்பார்களா என்று கேட்க வேண்டும். மழைநீர் ஓடுகிற வழியை மறித்துப் பாதை போட்டால் வீட்டுக்குள் வெள்ளம் வருமா என்பதும் அதே கேள்வித்தாளில் இருக்கிறது.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அம்பாந்தோட்டைப் பக்கம் ஒரு பாடம் இருக்கிறது. புந்தல 1990இல் நம் நாட்டின் முதலாவது ராம்சார் இடமாகியது. பூநாரைகளுக்குப் பெயர்போன ஊர். அதை யாரும் வேண்டுமென்று கெடுக்கவில்லை. அருகில் கிரிந்தி ஓயா நீர்ப்பாசனத் திட்டம் வந்தது. வயலில் மிஞ்சிய நன்னீர் கடலேரிகளுக்குள் வடிந்தது. உப்புத்தன்மை குறைந்தது. பூநாரை தின்கிற சிற்றுயிர்கள் குறைந்தன. பூநாரை வருவதும் அருகிவிட்டது. திட்டம் போட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். கடலேரியைப் பற்றி அவர்கள் கணக்குப் போடவில்லை, அவ்வளவுதான். இன்று இலங்கையில் பூநாரை பார்க்க வேண்டுமானால் பலரும் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும்தான் வருகிறார்கள். இங்கேயும் இல்லாமல் போனால் அவற்றுக்குத் தெற்கே போக்கிடம் இல்லை.

கூட்டங்களில் நம்மிடம் ஆதாரம் கேட்பார்கள். அறிக்கை எழுதுகிறவர்கள் இரண்டு மாதம் தங்கிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அறுபது வருடம் அந்தக் கரையில் நின்றவரின் சொல் ஏட்டில் இல்லை என்றால் அது கணக்கில் வராது. லெக்கின் காலத்தில் நடந்தது அதுதான். இந்த முறையும் அப்படியே விடுவதா?

ஆகவே நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு சிறு வேலையைத் தொடங்குகிறோம். உங்கள் உதவி வேண்டும்.

ஒன்று: வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கடற்பறவைகளுக்கு நம் ஊரில் என்ன பெயர்? எந்தக் காற்றில் வந்தன? முன்பு எங்கே நின்றன, இப்போது எங்கே இல்லை? அவர்கள் சொல்கிறபடியே, அவர்களின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பெயரை விட்டுவிடாதீர்கள்.

இரண்டு: ஒக்டோபர் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் தினம். அன்று காலையில் பிள்ளைகளோடு பாலத்தடியில் நின்று எண்ணப் போகிறோம். ஒரு கொப்பியும் பேனையும் போதும். யாரிடமாவது பைனாகுலர் இருந்தால் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில், அதே நேரத்தில் எண்ணினால் பத்து வருடத்தில் அது ஆவணமாகிவிடும்.

மூன்று: சேற்றுத் தரையில் குப்பை கொட்டுவதை நிறுத்துவோம். குப்பை இருந்தால் நாய் வரும், நாய் வந்தால் பறவை இறங்காது.

நம்மில் சிலருடைய வீட்டில் இந்த விபரங்களைச் சொல்லக்கூடியவர் இன்னும் ஒருவர்தான் இருப்பார். வாடை பிடிக்கும் முன் கேட்டுவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்த பறவைப் பெயர்களைக் கீழே எழுதுங்கள். எருக்கலம்பிட்டியில் ஒரு பெயரும், முசலியில் இன்னொரு பெயரும், பேசாலையில் வேறொரு பெயரும் இருந்தால் மூன்றையும் எழுதுங்கள். மூன்றும் சரிதான்.